பெட்டியில்லாப் பாட்டு

காபி டம்ளரோடு அடுக்களையிலிருந்து வந்த பத்மஜா ஹாலில் அப்படியே நின்றுவிட்டாள். மேற்கொண்டு நடக்க வழியில்லை. குறுக்கே இரண்டு பிளைவுட் பலகைகள் அவள் தோள் உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கறுப்பு ஸ்பீக்கர். பலகைகளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் நாகேஸ்வரனின் தலை மெல்ல எழும்பியது.

"நேத்திக்குச் சுவரோட ஒட்டித்தானே இருந்தது?"

"தள்ளி வெக்கணும் பத்மு. பின்பக்கச் சத்தத்துக்கு மூச்சு விட எடம் வேணும்."

"எனக்கும் வேணும் ஆக்கும்," என்று சொல்லி, பலகைக்கு மேலாக டம்ளரை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனாள் அவள்.

வலியசாலை அக்ரஹாரத்து வீடுகள் ரயில் பெட்டியைப் போல ஒடுங்கி நீண்டவை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அந்த ரயில் பெட்டியின் நடுவே பலகை நட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நாகேஸ்வரன் அதைச் செய்ததே பத்மஜாவுக்காகத்தான்.

கல்யாணமான நாள் முதல் தனக்கென்று எதையும் கேட்காதவள் அவள். பாட்டு என்றால் உயிர். சமைக்கும்போது போனில் பாட்டைப் போட்டு, சத்தம் பெருகுவதற்காக அதை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இறக்கி வைத்துக் கேட்பாள். ஒருநாள் ரசத்துக்கு டம்ளர் தேவைப்பட்டபோது பாட்டை நிறுத்திவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைப் பார்த்த நாகேஸ்வரனுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

நல்ல ஸ்பீக்கர் விலைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பெட்டியே வேண்டாம், ஒரு பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் போதும் என்று யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவில் சொல்லியிருந்தான். அரசாங்க ஆபீஸில் பைல் பார்ப்பவர், சாயங்காலம் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினார். மிச்சம் விழுந்த பிளைவுட் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, ஓட்டையும் போட்டுத் தந்தார் ஹார்டுவேர் கடை சத்தியநேசன்.

"பெட்டி எங்க சாரே?"

"பெட்டி இல்லை. அதான் விசேஷம்."

"அப்போ பாட்டு முன்னாலயும் போவும், பின்னாலயும் போவுமே?"

"போகட்டுமே."

"செரி. நான் ஜெபிச்சுக்கிடுதேன்," என்றார் சத்தியநேசன், உண்மையான அக்கறையோடு.

சோதித்துப் பார்க்க நாகேஸ்வரன் ஒரே ஒரு பாட்டைத்தான் வைத்திருந்தார். பழைய ரெக்கார்டிங். ஒரு பெண் குரல், துணைக்குத் தம்புரா, வேறொன்றும் இல்லை. மனுஷக் குரல் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. குரல் நன்றாகத்தான் வந்தது. தம்புராவின் அடி நாதத்தை மட்டும் காணோம். கொசு பாடுவது போல ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது.

பலகையைத் தள்ளி வைத்தார்; வழி அடைபட்டது. பலகைக்கு அகலம் போதவில்லை என்று ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றிப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டினார். கதவில்லாத ஸ்டோர் ரூமில் தெருப் பூனை நெய் ஜாடியைக் கண்டுபிடித்தது. பின்னால் போகிற சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது என்று சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். ஜமுக்காளத்தின் கனத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டு, மாமனார் போட்டோவையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தது.

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. பொதுச் சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஒரு சின்ன ஜன்னல், பல காலமாக அட்டை வைத்து மூடிக் கிடந்தது. அட்டையை எடுத்துவிட்டால் பின்பக்கச் சத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும் அல்லவா?

வெளியேறியது. நேராக அடுத்த வீட்டு லலிதாம்பாள் மாமியின் கூடத்துக்கு.

மாமி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்பது அந்தத் தெரு முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். கோயிலில் பத்மஜாவை நிறுத்தி, "உங்காத்துப் பாட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுத்து," என்று மட்டும் சொன்னாளாம்.

பத்மஜா வீட்டுக்கு வந்ததும் பூக்கூடையைக் கீழேகூட வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வெங்கிடேஷ் வரான். அவனாத்துல ஒரு ரூம் முழுக்க வெளிநாட்டு ஸ்பீக்கர். அவன் காது கொண்டு கேக்கட்டும். நன்னாருக்குன்னு சொன்னான்னா இது இங்கயே நிக்கட்டும், நான் சாஞ்சுண்டே நடந்துக்கறேன். இல்லேன்னா ரெண்டு பலகையும் பரண்ல ஏறணும். நான் டம்ளர்லயே கேட்டுக்கறேன், எனக்கு அது போரும்."

மற்றதெல்லாம் நாகேஸ்வரன் எதிர்பார்த்ததுதான். அந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் தைத்தது.

இருந்தாலும் நல்ல மனுஷர். தன் கவலைக்கு முன்னால் அடுத்தவர் தொல்லையை நினைத்தார். இலையில் கட்டிய போளியோடு மாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். மாமி வீட்டில் வேலை செய்யும் மாடம்மாள் கதவைத் திறந்தாள். மாமி போளியையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அலமாரி மேலிருந்த சுருதிப் பெட்டியைக் காட்டினாள்.

"இது செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. அதோட நானும் வாயை மூடிட்டேன். கம்பியும் கையுமா இருக்கேளே, என்னன்னு பாருங்கோ."

நாகேஸ்வரன் தன் வேலையைப் போட்டுவிட்டு அதைப் பிரித்தார். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் பெட்டி தம்புரா போல இனிமையாக முனகியது. மாமி "ம்" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலே அவர் வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கிடேஷின் கார் தெருமுனையில் திரும்பும்போதுதான் அவருக்கு உண்மைக் கோளாறு புலப்பட்டது. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. அடி நாதம் எங்கிருந்து வரும்? அவசர அவசரமாக ஒயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் ஊட்டும் ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்துவிட்டார். கையிலிருந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டன.

"டப்" என்றது ஏதோ. லேசாக ஒரு வாசனை வந்தது. பத்மஜா ஏற்றிவைத்த சாம்பிராணியாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு ஒயரை மாட்டினார். ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வெங்கிடேஷ் பலகைகளைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டான். "அத்திம்பேரே, இது ஸ்பீக்கரா, எலெக்‌ஷன் போர்டா?"

"கேட்டுட்டுச் சொல்லு," என்றாள் பத்மஜா. அவள் ஏன் கணவன் பக்கம் பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

நாகேஸ்வரன் போனில் பாட்டைத் தொட்டார். நிசப்தம். ஒயரை அசைத்தார். நிசப்தம். வெங்கிடேஷ் கடிகாரத்தைப் பார்த்தான். பத்மஜா தரையைப் பார்த்தாள்.

"என்னன்னா, பாடலையா?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழவங்காடிப் பிள்ளையாரே, உமக்கு ஒரு தேங்காய். இல்லை, ரெண்டு.

பலகைகளுக்குப் பின்னாலிருந்து தம்புரா கிளம்பியது. கொசு அல்ல, அடி வயிற்றைத் தொடும் நிஜமான நாதம். அதன்மேல் அந்தப் பெண் குரல் எழுந்தது. ஆயிரம் தடவை கேட்ட அதே பாட்டு, இன்றைக்குத்தான் பிறந்த மாதிரி இருந்தது.

வெங்கிடேஷ் நாற்காலி நுனிக்கு வந்தான். "அத்திம்பேரே, எந்தா இது? பலகையிலேந்து வர மாதிரியே இல்லையே. சுவருக்கு அந்தண்டை ஒருத்தி உக்காந்து பாடற மாதிரின்னா இருக்கு."

"பெட்டி இல்லை பாரு," என்றார் நாகேஸ்வரன்.

"மூச்சு வாங்கறதுகூடக் கேக்கறது. இப்போ தொண்டையைச் செருமினாளே, கேட்டேளா? என்னோட செட்டுல இந்தப் பாட்டுல செருமலே கேட்டதில்லை."

பத்மஜா கதவில்லாத ஸ்டோர் ரூம் வாசலில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டு முடியும்போது அவள் கன்னம் நனைந்திருந்தது. "இது இங்கயே இருக்கட்டும்ன்னா," என்றாள்.

நாகேஸ்வரன் மனசுக்குள் தேங்காய்களை நூற்றெட்டாக உயர்த்தினார்.

"அத்திம்பேரே, நிறுத்தாதேங்கோ. இன்னொண்ணு போடுங்கோ," என்றான் வெங்கிடேஷ்.

போனை எடுக்க நாகேஸ்வரன் குனிந்தபோது, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி மாடம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"சாரே, மாமி கேட்டுட்டு வரச் சொன்னாங்க. தொண்ட கட்டிக்கிட்டு வருதாம். இந்த ஒண்ணு போதுமா, இல்ல உங்க மச்சினருக்கு இன்னொண்ணும் பாடணுமான்னு."