ஜேர்மன் கொச்சை மட்டும் தெரிந்தவர்

வாசகரே, மொழி படிக்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. அரிச்சுவடிக்கு முன்பே கொச்சைச் சொல் அகராதியைத் திறக்கிற இனம்.

தர்மபுரத்து ரஜிதன் அந்த இனத்தில் அசல். மனைவி சிவதர்சினி ஜேர்மனியில். அவரிடம் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு முதல்நிலை ஜேர்மன் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆகவே ரஜிதன் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கில் அமர்ந்து, ஆசிரியை பத்மாசனி வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுத எழுத, மேசைக்குக் கீழே கைபேசியில் கொச்சை அகராதி வாசித்தார்.

“புத்தகத்திலை இருக்கிறமாதிரி அங்கை ஆர் டீச்சர் கதைக்கிறது?”

“அகராதி நல்லதுதான், தம்பி. எந்தச் சொல்லை ஆரோடை பாவிக்கிறதெண்டு பக்கத்திலை போட்டிருக்கு. அதையும் வாசியுங்கோ.”

வாசிப்பாரா? அது சின்ன எழுத்து.

‘அல்ட்டர்’ என்றால் நம் ‘மச்சான்’ மாதிரி என்றது அகராதி. நேர்ப்பொருள் ‘கிழவன்’. பெண்பால் ‘அல்ட்டெ’ என்று ரஜிதன் தாமே ஆக்கிக்கொண்டார். அவர் இலக்கணம் படிக்கவில்லை என்று யார் சொன்னது?

கொழும்பில் வாய்மொழிப் பரீட்சை. எதிரே பரீட்சகராக அறுபது வயது மதிக்கத்தக்க ஜேர்மன் அம்மையார். சிரித்தபடி வணக்கம் சொன்னார். ரஜிதன் கதிரையில் வசதியாகச் சாய்ந்து, “என்ன அல்ட்டெ, எப்பிடிப் போகுது?” என்று சுத்தமான ஜேர்மனில் விசாரித்தார்.

அம்மையார் பேனையைக் கீழே வைத்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. அதற்கான சொல் பாடப்புத்தகத்தின் முதலாம் பாடத்தில் இருந்தது. ரஜிதன் அந்தப் பாடத்தைத் திறந்ததே இல்லை. அடுத்த கேள்விகளுக்கான விடைகளும் அந்தப் புத்தகத்தில்தான் இருந்தன.

சித்தியில்லை என்று பெறுபேறு வந்த அன்று சிவதர்சினி தொலைபேசியில் கேட்டார்: “ஏனப்பா, அவாவுக்கு ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம்தானே?”

“வணக்கம் எல்லாரும் சொல்லுவினம்.”

“உங்களுக்கெண்டு குளிர்க் கோட்டு வாங்கி வைச்சிருந்தனான். இந்த வருஷமும் அலுமாரிக்குள்ளைதான் கிடக்கப்போகுது.”

அன்றிரவு ரஜிதன் சாப்பிடவில்லை. அடுத்த வகுப்பில் முன்வாங்கில் அமர்ந்தார். “குட்டன் டாக்” என்று பணிவாக வணக்கம் சொன்னார். பத்மாசனிக்குக் கண் கலங்கியது. ரஜிதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“டீச்சர், இதையே பெடியங்கள் எப்பிடிச் சொல்லுவாங்கள்?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிங்களம் பேசும் நண்பரிடம் நீங்கள் முதன்முதலில் கேட்டுப் படித்த சொல் எது? அதை அவருடைய அம்மாவுக்கு முன்னால் சொல்வீர்களா?