சரிவு சார் அளந்த சோறு

கோவில்பட்டியில் என்னைச் சரிவு சார் மாதிரி வெட்கப்பட வைத்த மனுசன் இன்னும் பிறக்கவில்லை. டுடோரியலில் கணக்கு வாத்தியார். மேன்சனில் என் பக்கத்து அறை. எதைக் கண்டாலும் அளந்து, செல்போனில் அட்டவணை போட்டு, அது ஏறுகிற, இறங்குகிற வேகத்தை, அவர் கணக்குப் பாஷையில் அதன் 'சரிவை'ச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இறங்கிவிட்டால் நாலு பேர் சாப்பாடு இறங்கும், அது வேறு கதை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கம்பை விட்டுப் பார்ப்பார். "எட்டு மணிக்குத் தண்ணி என்ன வேகத்துல குறையுதுன்னு எட்டு மணிய மட்டும் பாத்தாத் தெரியாது தம்பி. ஏழரைக்கு எவ்வளவு, எட்டரைக்கு எவ்வளவு? கழிச்சு, நடுவுல உள்ள நேரத்தால வகுக்கணும். முன்னயும் பாக்கணும், பின்னயும் பாக்கணும்" என்பார். மாசாமாசம் என் நெற்றியையும் ஸ்கேல் வைத்து அளந்து, முடி பின்வாங்கும் வேகத்தை டீக்கடையில் அறிவிப்பார். அந்தக் கடைக்கு நான் போவதையே விட்டேன்.

இப்படிப்பட்டவரை என் தங்கச்சி கல்யாணத்தில் பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் விட்ட கதைதான்.

தாலி கட்டி முடிந்தது. முதல் பந்தி உட்கார்ந்தது. சார் சமையல்கட்டுக்குப் போய்க் கரண்டிக் காம்பால் சோற்று அண்டாவின் ஆழத்தை அளந்தார். கால்மணி கழித்து மறுபடி அளந்தார். அளந்தவர் நேரே சபைக்கு வந்தார். அங்கே அப்பா மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சோறு இறங்குத வேகத்தப் பாத்தா ரெண்டாம் பந்தி தாங்காது."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தாய்மாமா தட்டில் கை வைக்கவில்லை. "சோத்துக்கே வழியில்லாத இடத்துலயா பொண்ணு எடுத்திருக்கோம்?" என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே கரிசல் வெடிப்புக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அடுப்பில் இன்னொரு உலை ஏறியது.

அப்போதுதான் சமையலுக்குப் பேசியிருந்த தவசுப்பிள்ளை நிதானமாக வந்தார். "யாரும் தின்னு தீக்கல அண்ணாச்சி. நாந்தான் சோத்த அள்ளிப் பின்கட்டுப் பாய்ல கொட்டி, வேட்டியப் போட்டு மூடி வச்சிருக்கேன்." எந்தக் கல்யாணத்திலும் சோற்றை அப்படித்தான் கொட்டுவார்கள். சாரின் அட்டவணையில் பாய்க்கு இடமில்லை. தாய்மாமாவே பின்கட்டுக்குப் போய் வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சார், தயவு செஞ்சு வெளிய போய் இருங்க" என்றேன். போய்விட்டார்.

பந்தியெல்லாம் முடிந்து, மிஞ்சிய சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கு வந்தேன். எதிர்த்த பெட்டிக்கடையில் சார் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஏன் சார், சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"பின்னயும் ஒரு அளவு எடுத்திருக்கணும் தம்பி, அவசரப்பட்டுட்டேன்" என்றார் தலையைக் குனிந்தபடி. "நான் காலைலயும் வேணும்னேதான் திங்கல. சாயங்காலம் வரைக்கும் விருந்தாளி வரும், நம்மளால ஒரு நாலு இலையாவது மிஞ்சட்டுமேன்னு பாத்தேன்."

சபையில் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு. கையைப் பிடித்து இழுத்துப்போய், தலைவாழை இலை போட்டு, நானே பரிமாறினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் பந்தியில் முதல் இலை சாருக்குத்தான். அவர் போதும் என்று கை மறிக்கும் வரை அப்பா பக்கத்திலேயே நிற்பார்.