பம்ப் ஹவுஸுக்கு மேலாளர் அமர்த்திய விவரம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

பணிவான வணக்கம். இங்கு நாங்கள் நலம், குழாய் மட்டும் நலமில்லை. நீங்களும் அக்காவும் சௌக்கியமாகவும் தெளிவாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்பத்தில் யாராவது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா.

நகராட்சித் தண்ணீர்க் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டது உங்களுக்குத் தெரியும். புவியியல் வாத்தியாருக்கு ஆறும் ஏரியும் அத்துப்படி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸ் எனக்கும் மூத்தது. மோட்டார் ஓடினால் சுவரும் சேர்ந்து நடுங்குகிறது, அது நின்றால் ஆஸ்பத்திரி முதல் அடுப்படி வரை காய்ந்துவிடும், அதனால் புதிதாகக் கட்ட முடிவு செய்தோம், அதற்கு முதலில் ஒரு கட்டுமான மேலாளரை அமர்த்த வேண்டும் என்று நகராட்சியில் சொன்னார்கள். வரைபடம் போட இன்ஜினியர் இருக்கிறார், கட்ட கான்ட்ராக்டர் வருவார், நடுவில் இவர் என்ன செய்வார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் மனைவியிடம் கேட்டேன்.

“வரையவும் மாட்டாரு, கட்டவும் மாட்டாரு. ஆனா எல்லாரையும் மேய்க்கணும், எது தப்பாப் போனாலும் திட்டு வாங்கணும். அதானே? அதைத்தான் நான் இந்த வீட்டுல பண்ணிட்டிருக்கேன்” என்றாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

இன்று காலை நேர்காணல். நான், குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர், ரிட்டயர்டு தபால்காரர் மூவரும் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தோம். செருப்பில் சேறும் கையில் டார்ச்சுமாக ஓர் அம்மாள் வந்து, “பம்ப் ஹவுஸ் விஷயமா வந்திருக்கேன்” என்றார். உட்காரச் சொன்னோம்.

“இதுல உங்களுக்கு அனுபவம் உண்டா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நிறைய ஊர் பம்ப் ஹவுஸ் பாத்திருக்கேன். இவ்வளவு மோசமா எதையும் பாத்ததில்ல.”

அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவரே எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார், அத்தான்.

“புதுசு கட்டி முடிக்கிற வரைக்கும் ஊருக்குத் தண்ணி எப்படி ஏத்துவீங்க?”

நான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன், அவர் தபால்காரரைப் பார்த்தார், தபால்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பழசை இடிச்சிட்டு…” என்று இழுத்தேன்.

“இடிச்சிட்டு?”

“கட்டுவோம்.”

“அதுவரைக்கும் ஜனங்க என்ன பண்ணுவாங்க? சரி, கரண்ட் போனா?”

“அடிக்கடி போகுங்க” என்றார் தபால்காரர்.

அந்த அம்மாள் எழுந்து, “யோசிச்சு சொல்றேன்” என்று போய்விட்டார். யோசித்துச் சொல்ல வேண்டியது நாங்கள்தானே என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. பரீட்சையில் கோட்டை விட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் இவ்வளவு கேட்கத் தெரிந்தவரை விடக்கூடாது என்று ஒருமனதாக அவரையே நியமித்துவிட்டோம். உத்தரவு டைப் ஆகிறது. ஊர் பிழைத்தது. நீங்கள் விடுமுறைக்குத் தாராளமாக வரலாம்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் மூட்டுவலி சீக்கிரம் வழி தவறிப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அந்த அம்மாளிடமிருந்தே போன் வந்தது. அவர் வேலைக்கு வந்தவரே இல்லையாம். புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து வந்த அதிகாரியாம். அனுமதி கொடுத்துவிட்டார். “உங்க மூணு பேரையும் பாத்த பிறகுதான், இங்க ஒரு மேலாளர் எவ்வளவு அவசரமாத் தேவைன்னு புரிஞ்சுது” என்றார். நிஜமாகவே வேலைக்கு வந்தவர், வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் கேட்கக் கேட்க நாங்கள் விழிப்பதைக் கண்டு, எங்களையும் வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாராம். “வயசானவங்க மூணு பேர் வந்திருக்காங்க. பாவம், அவங்களுக்கே கிடைக்கட்டும்” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.