உத்தரவாதத் தூக்கம்

வீட்டில் தூங்குவதைத் தூக்கம் என்று சொல்வது அறியாமை. விளக்கை அணைத்தோம், படுத்தோம், கண்ணை மூடினோம், வந்துவிட்டது என்கிற அந்த மலிவான சமாசாரத்தில் என்ன பெருமை இருக்கிறது? அதற்குத் திட்டம் இல்லை, மேற்பார்வை இல்லை, பொறுப்பான அதிகாரி ஒருவர்கூட இல்லை. தூக்கத்தை ஒரு துறையாக உயர்த்தி, அதற்கு ஊழியர்களை நியமித்து, சீருடை கொடுத்து, உத்தரவாதமும் அளித்த பெருமை வெளியூர் விடுதிகளையே சேரும். அவற்றுள்ளும் தலைசிறந்த ஒன்றில் ஓர் இரவு தங்கும் பாக்கியம் ஆட்சேபணைக்குக் கிடைத்தது.

ஆட்சேபணை என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அலுவலகம் வைத்த பெயர். ஊர் ஊராகப் போய்ப் புதிய லிஃப்ட்களைச் சோதிக்கும் பரிசோதகர் அவர். அந்தத் துறையில் ஒரு மரபு உண்டு. லிஃப்டில் குறை இருந்தால், மறுநாள் கூட்டத்தில் தலைவர் "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கும்போது பரிசோதகர் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். வாய் சொன்ன பிறகுதான் பேனா எழுதலாம். அந்த நேரத்தில் வாய் திறக்காவிட்டால் லிஃப்ட் தேறிவிட்டது என்று அர்த்தம். குறை ஏதாவது பாக்கி இருந்தால் அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை லிஃப்டில் ஏறுகிறவர்கள் பாக்கி இருந்தால். மற்ற பரிசோதகர்கள் அந்தக் கேள்வி வரும்போது தட்டில் உள்ள பிஸ்கட்டைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் எழுந்துவிடுவார். எழுந்து எழுந்தே பெயர் வாங்கினார். பதவி உயர்வு மட்டும் வாங்கவில்லை.

அன்று பிற்பகல் புதிதாகக் கட்டிய ஒரு பிரசவ மருத்துவமனையின் லிஃப்டில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தார். மாடியில் வந்து நின்ற லிஃப்ட், நின்ற பிறகும் விரல் அகலம் கீழே இறங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு விரல் அகலம் இறங்கியது.

"பிரேக் பிடிக்கல," என்றார் ஆட்சேபணை.

"புது லிஃப்ட் சார், கூச்சப்படுது," என்றார் லிஃப்டைப் போட்ட ஒப்பந்ததாரர். "பழகப் பழக சரியாயிடும்."

"யாரை வெச்சுப் பழக்குவீங்க? பிள்ளை பெத்தவங்களை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தியா?"

ஒப்பந்ததாரர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மனசுக்காரர். "அதையெல்லாம் காலைல கூட்டத்துல பேசிக்கலாம் சார். இப்ப உங்களுக்கு ஓய்வுதான் முக்கியம். என் மச்சினன் விடுதியில ரூம் போட்டிருக்கேன். தூக்கத்துக்கு உத்தரவாதம் குடுக்கிற விடுதி. அங்க தங்கின பரிசோதகர் யாரும் மறுநாள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல."

அதோடு நிற்கவில்லை. விருந்தாளியைக் காலையில் தானே காரில் அழைத்துப் போக வேண்டும் என்பதற்காக, சொந்த வீட்டுக் கட்டிலைத் துறந்து, அடுத்த அறையிலேயே தானும் தங்கினார். இந்தத் தியாகத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுதியின் முகப்பில் மச்சினனே நின்று வரவேற்றார். மேலாளரும் அவர்தான்.

"வாங்க சார். மாமா எல்லாம் சொன்னார். நீங்க இடது பக்கமா படுப்பீங்களா, வலது பக்கமா?"

"எந்தப் பக்கம் தூக்கம் வருதோ அந்தப் பக்கம்."

"அப்படிப் பொதுவா சொன்னா எப்படி சார்? மெத்தைக்கு முன்கூட்டியே தெரியணும்ல?"

பக்கம் முடிவானதும் குறட்டை, கனவு, முதுகெலும்பு ஆகிய தலைப்புகளில் விசாரணை நடந்தது. நிற்கும்போதே ஆட்சேபணைக்குக் கொட்டாவி வந்தது. மேலாளர் அதைத் தடுத்துவிட்டார். "இங்க வேண்டாம் சார். மேல போய் முறைப்படி தூங்கலாம்."

அறை அறிவியல் முறையில் அமைக்கப்பட்டிருந்தது. கூரையில் ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம், டிவியில் ஒரு நீலப் பொட்டு, குளிர்சாதனத்தில் ஒரு பச்சைப் பொட்டு. இருட்டில் படுத்திருப்பவருக்குத் துணை வேண்டும் அல்லவா. கட்டில் தலைமாட்டில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை அணைத்தால் இன்னொன்று எரிந்தது. எல்லாவற்றையும் அணைத்தபோது குளியலறையில் விளக்கு எரிந்து, காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. போர்வையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் இறுக்கிச் செருகியிருந்தார்கள். அதற்குள் நுழைய, உறைக்குள் கடிதம் போடுவது போலத் தலைப்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. இறங்கினார். உடனே போன் வந்தது. மனைவி.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? குரல் ஏன் இப்படி அமுங்கிக் கேக்குது?"

"போர்வைக்குள்ள மாட்டியிருக்கேன். லிஃப்ட் சரியில்ல. காலைல எழுந்து சொல்லணும்."

"சொல்லுங்க. நம்ம பொண்ணுக்கும் மாசம் நெருங்குது. அவளையும் இப்படி ஒரு லிஃப்ட்லதான் கொண்டு போவாங்க. பேசாம இப்ப தூங்குங்க."

அவர் போனை வைத்தார். நாளைக்குத் தலைவர் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நொடியில் தூக்கம் உண்மையாகவே வந்தது. வந்த தூக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினார்கள்.

தலையணை அதிகாரி வந்திருந்தார். பின்னால் ஒரு தள்ளுவண்டி நிறையத் தலையணைகள்.

"ஏற்கனவே தலையணை இருக்கே," என்றார் ஆட்சேபணை.

"அது அலங்காரத் தலையணை சார். தூங்கறதுக்கு இதுல ஒண்ணை எடுக்கணும். இது இறகு. இது உமி. இது ஞாபகசக்தித் தலையணை. ஒருதடவை தலை வெச்சா மறக்கவே மறக்காது."

ஞாபகசக்தித் தலையணையில் தலை வைத்துப் பார்த்தார். அது அவருக்கு முன்னால் தங்கியவரின் தலையைத்தான் ஞாபகம் வைத்திருந்தது. அவர் பெரிய தலைக்காரராக இருந்திருக்க வேண்டும். உமித் தலையணையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அது ஒவ்வொரு அசைவுக்கும் பதில் பேசியது.

பிறகு வாசனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து அறை முழுவதும் மலர் நீர் தெளித்தார். ஆட்சேபணை விடாமல் தும்மினார். தும்மல் சத்தம் கேட்டு சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். தலைமாட்டுச் சுவரிலிருந்து புல்லாங்குழல் இசை கிளம்பியது. அதை நிறுத்த வழி கேட்டுக் கீழே போன் செய்தார்.

"அது தூக்க இசை சார். நீங்க தூங்கினதும் தானா நின்னுடும்."

"அது நின்னாத்தான் நான் தூங்க முடியும்."

"அப்படி ஒரு வசதி நம்மகிட்ட இல்ல சார்."

போனை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைத் தேடி எடுத்துக் கதவின் வெளிப்பக்கம் மாட்டினார். திரும்பி வந்து உறைக்குள் இறங்கினார். கதவு தட்டப்பட்டது.

"மன்னிக்கணும் சார். அட்டை தொங்குதே, நீங்களே மாட்டினதா, இல்ல தெரியாம மாட்டிக்கிச்சா? உறுதிப்படுத்தணும்."

"நானே மாட்டினேன்."

"ரொம்ப நன்றி சார். இனிமே யாரும் வர மாட்டாங்க. வந்தா நானே வந்து சொல்றேன்."

கடமை என்றால் அந்த ஊழியர்களுக்குப் பாரபட்சம் கிடையாது. அடுத்த அறையிலும் இதே மரியாதை நடப்பது சுவர் வழியாகக் கேட்டது.

"டேய், நான் யாருன்னு தெரியுமா? உங்க முதலாளியோட மாமாடா."

"தெரியும் சார். அதான் உங்களுக்கு மட்டும் ரெண்டு வண்டி."

மச்சினனுக்கு ஒப்பந்ததாரர் போன் போட்டுக் கத்துவதும் கேட்டது. மச்சினன் எடுக்கவில்லை. அவர் தன் வீட்டில் எந்த உத்தரவாதமும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடியும் நேரத்தில் ஆட்சேபணையின் கண் தானாகச் செருகியது. உடனே அறைத் தொலைபேசி மணி அடித்தது. இனிமையான பெண் குரல்.

"வணக்கம் சார். உங்க தூக்கம் எப்படி இருந்தது? ஒண்ணிலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு குடுப்பீங்க?"

காரில் ஏறும்போது பரிசோதகரின் கண்ணும் ஒப்பந்ததாரரின் கண்ணும் ஒரே சிவப்பாக இருந்தன. "நல்லா தூங்கினீங்களா சார்?" என்று கேட்க வாயைத் திறந்த ஒப்பந்ததாரருக்குக் கேள்வி வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

கூட்டம் மருத்துவமனையின் மேல்மாடியில். லிஃப்டை அனுமதி கிடைத்த பிறகே திறப்பது என்பதால் எல்லோரும் படியேறிப் போனார்கள். தலைமை மருத்துவர் அம்மாதான் கூட்டத் தலைவர். விடுதி மேலாளரும் மாமாவுக்கு மரியாதையாக வந்திருந்தார். அறையில் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நாற்காலி மெத்தென்று இருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் கணக்காளர் எழுந்து, கம்பியின் தரம், மோட்டாரின் பெருமை, கதவின் பளபளப்பு ஆகியவற்றை ஒரே சுருதியில் வாசித்தார். இரவெல்லாம் ஊழியர் படையே திரண்டு சாதிக்க முடியாததை அந்தத் தனி மனிதர் சாதித்தார். ஆட்சேபணையின் தலை சாய்ந்தது.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் தலைவர்.

அப்படி ஒரு அமைதி ஆட்சேபணை கலந்துகொண்ட கூட்டங்களில் என்றுமே நிலவியதில்லை. பரிசோதகர் கண்மூடி ஆழ்ந்து சிந்திப்பதாகத் தலைவர் நினைத்தார். மதிப்புக் கொடுத்து இன்னொரு முறை கேட்டார். பிறகு கைதட்டினார்கள். கைதட்டலில்தான் அவர் விழித்தார்.

"பிரேக் பிடிக்கல," என்று எழுந்து நின்றார்.

"கேட்டப்ப சும்மா இருந்தீங்களே," என்றார் தலைமை மருத்துவர்.

"தூங்கிட்டேன் மேடம்."

"உத்தரவாதம்னா அப்படித்தான்," என்று மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையோடு சொன்னார்.

கணக்காளர் விதியை எடுத்துச் சொன்னார். தீர்மானம் நிறைவேறிவிட்டது, குறையை அடுத்த ஆண்டு கேட்கலாம். தலைமை மருத்துவர் முகம் சுளித்தார், ஆனால் விதி விதிதானே. எல்லோரும் ரிப்பன் வெட்ட லிஃப்டை நோக்கி நடந்தார்கள். ஆட்சேபணைக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் எழுந்து நின்றவன், பெற்ற பெண்ணை நினைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து கோட்டை விட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

விதிப்படி ஒரு வழியும் இல்லை. உடம்புப்படி ஒரு வழி இருந்தது. ரிப்பன் வெட்டி லிஃப்ட் கதவு திறந்ததும், அவர் முந்திப் போய், கதவு மூடும் இடத்தில் குறுக்காகப் படுத்தார். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். கதவு வந்து அவர் இடுப்பைத் தொட்டது, மரியாதையாகத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, தொட்டது, போனது.

"எழுந்திருங்க சார், எல்லாரும் பாக்கிறாங்க," என்றார் ஒப்பந்ததாரர்.

ஆட்சேபணை தூங்கிவிட்டார். பொட்டு வெளிச்சம் இல்லை, உமி இல்லை, புல்லாங்குழல் இல்லை. வெறும் தரை. வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, குழந்தை மாதிரித் தூங்கினார்.

விடுதி மேலாளர் தன் அனுபவம் முழுவதையும் களத்தில் இறக்கினார். காதருகே குனிந்து, "சார், தலையணை சரியா இருக்கா?" என்றார். செல்போனில் புல்லாங்குழல் போட்டார். லிஃப்ட் சுவரைத் தட்டி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்," என்றார். இரவு முழுவதும் பலித்த வித்தை ஒன்றுகூடப் பகலில் பலிக்கவில்லை.

"மாமா, இவரை அப்படியே உள்ள இழுத்துப் போட்டுடலாம். கதவு மூடிக்கும்," என்றார்.

"அதுதான் சரி," என்றார் ஒப்பந்ததாரர். கண் பாதி மூடியிருந்தது, நாக்கு குழறியது. "இழுத்துப் போட்டுட்டு எல்லாரும் ஏறுங்க. நான் படியில வந்துடறேன்."

தலைமை மருத்துவர் லிஃப்டுக்குள் வைக்க இருந்த காலைப் பின்னால் எடுத்தார்.

"நீங்க ஏன் படியில? இது நீங்க போட்ட லிஃப்ட்தானே?"

நன்றாகத் தூங்கிய மனிதராக இருந்தால் இதற்கு அழகான பதில் ஒன்று சொல்லியிருப்பார். மூட்டுவலி என்றிருப்பார், டாக்டர் நடக்கச் சொன்னார் என்றிருப்பார். ஒப்பந்ததாரர் அந்த விடுதியில் தங்கியவர். பொய் சொல்லக்கூட அவர் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் பக்கம் திரும்பினார்.

"ஆமா மேடம், நான் போட்டதுதான்," என்றார் கொட்டாவிக்கு நடுவே. "நீங்களும் இப்படியே வாங்க. படிக்கட்டு வேற ஆளு கட்டினது. தைரியமா இறங்கலாம்."