தாத்தா நின்ன குளக்கரை

மலை மறுபடியும் சரிந்து குளத்துக்குள் விழுந்துவிட்டது.

சிவபிரகாஷ் முழங்கால் சேற்றில் நின்றபடி கையிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தார். தங்கசாமியின் தாத்தா கைத்தடியோடு விறைப்பாக நிற்கிறார். பின்னால் குளம், இரண்டு அன்னம், அதற்கும் பின்னால் மலை.

போர்வெல் வண்டிகளில் சம்பாதித்த தங்கசாமி, ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்த தாத்தா வீட்டை அருங்காட்சியகமாக்கி, சிவபிரகாஷை மேனேஜராகப் போட்டிருந்தார். வீடு தயார். தோட்டம்தான் உயிரை வாங்கியது.

"படத்துல இருக்கறாப்புலயே இருக்கோணும். திறப்பு விழாவுக்குள்ள முடிச்சுட்டீங்கன்னா, ஆத்தூர்ல நம்ம கல்யாண மண்டபத்துக்கு உங்கள மாத்தியுடறேன்" என்றிருந்தார் தங்கசாமி.

ஆத்தூரில்தான் சிவபிரகாஷின் மனைவி மைதிலி இருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை சேறும்.

"இங்க குளம் இருந்த அடையாளமே இல்லீங்களே?" என்று அன்றே கேட்டுப் பார்த்தார்.

"எங்கப்பா மூடியிருப்பாரு."

"மலைங்க?"

"ஜல்லிக்கு ஒடைச்சு வித்திருப்பாங்க. நம்மூர்ல அது புதுசா?"

குளம் தோண்டிய மண்ணையே சிவபிரகாஷ் மலையாகக் குவித்தார். மழை வந்தது. மலை குளத்துக்கே திரும்பிப் போனது. அள்ளிக் குவித்து, மண் பிடிக்கப் புல் நட்டார். அடுத்த தோட்டத்து மேச்சேரி ரக ஆடுகள் புல்லைத் தின்றுவிட்டு, மலை உச்சியில் நின்று அசைபோட்டன. அடுத்த மழையில்தான் இந்தச் சரிவு.

இந்த முறை மலைக்கு சிமெண்ட் பூசச் சொன்னார். கொத்தனார் சின்னுசாமி படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, குளத்தோட இந்தப் பக்கம் மட்டும் கத்தியில வெட்டுனாப்புல நேரா நிக்குது?"

"அப்படியே கட்டுங்க. படத்துல இருக்கு."

அன்னம் கிடைக்கவில்லை. "கோழின்னா லோடு லோடாத் தாரேனுங்க" என்றார் நாமக்கல் பண்ணைக்காரர். அன்னத்துக்குப் பதிலாக சிவபிரகாஷ் வெள்ளை வாத்துகளை வாங்கிவிட்டார். அவை குளத்துத் தாமரையை ஒரே நாளில் தீர்த்துவிட்டு அலுவலகத்துக்குள் குடிவந்தன.

"எப்பதான் வருவீங்க?" என்றாள் மைதிலி போனில்.

"மலை நின்னதும் வந்துடறேன்."

"என்ன வேலைதான் பாக்கறீங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை.

ஒருவழியாக மலை நின்றது. வாத்துகளுக்குப் பதில் வைத்த சிமெண்ட் அன்னங்கள் மிதக்காவிட்டாலும் நின்றன. திறப்பு விழாவில் தங்கசாமியின் கண் கலங்கியது.

"நாளைக்கே ஆத்தூர் கெளம்புங்க, சிவபிரகாஷ்."

சிவபிரகாஷ் பையை எடுக்கத் திரும்பினார். அதற்குள் விழாவுக்கு மேச்சேரியிலிருந்து வந்திருந்த சௌந்திரம் என்ற அம்மாள் தங்கசாமியிடம் செல்போனை நீட்டினார்.

"எங்க தாத்தாவும் இதே குளத்துக்கிட்டதானுங்க நின்னாரு. இதா பாருங்க."

அதே குளம், அதே மலை. கூடவே வலப்பக்கம் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு கோட்டை.

தங்கசாமி படத்தைப் பெரிதாக்கினார்.

"பாலம் வேற இருந்துச்சா? சிவபிரகாஷ், ஆத்தூர் கொஞ்சம் பொறுக்கட்டும்." பிறகு அம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க தாத்தா எங்க ஊட்டுக்கு எப்பங்க வந்தாரு?"

"உங்க ஊட்டுக்கு எங்கீங்க வந்தாரு? இது செவ்வாய்ப்பேட்டை போட்டோ ஸ்டூடியோவுல பின்னால வரைஞ்சு தொங்கவிட்ட திரைங்க. எங்க குடும்பம் பெருசுன்னு முழுசா விரிச்சாங்க, உங்க தாத்தா ஒத்தை ஆளுன்னு பாதியை மடிச்சிருப்பாங்க."