குட்டியானைக்கு வைத்த குழவிக்கல்

எங்கள் பக்கத்து லோடு வண்டிகளில் ஹேண்ட்பிரேக் என்பது டிரைவர் துண்டு காயப்போடுவதற்காக வைத்த கம்பி. வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். வன்னியம்பட்டியில் கல்லுக்கா பஞ்சம்?

கல்யாணமான மறுவாரம் என் சீர்சாமான்களை அண்ணன் தன் குட்டியானையில் ஏற்றினான். பீரோ, கிரைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே கட்டில் மெத்தை. மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையத்துக்காரர்கள்தான். ஆனால் ஜவுளிக்கடை வைத்திருந்தது கேரளாவில், காயலுக்கு நடுவே ஒரு தீவில். வண்டி போக ஜங்கார்தான் வழி (வண்டியும் ஆளும் சேர்ந்து ஏறும் தட்டையான படகு). அப்பாவும் நானும் கூடப் போனோம். அக்கரையில் என் கணவர், மாமியார், சொந்தபந்தம் எல்லாம் காத்திருந்தார்கள்.

ஜங்கார்க்காரர் எங்களை வண்டியை விட்டு இறங்கச் சொல்லி, "ஹேண்ட்பிரேக் இட்டோ?" என்றார்.

அண்ணன் அதில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் பக்காவா இருக்கு" என்றான். அவர் நகர்ந்ததும் என்னிடம், "ஏட்டி, ஒரு கல்லு பாரு."

"ஏலே, கியர்லயாவது போடுலே" என்றார் அப்பா.

"எடுக்கும்போது துள்ளும்ப்பா."

படகில் கல்லுக்கு எங்கே போவது? எம்.காம். படித்த என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "அண்ணே, கிரைண்டர் குழவி இருக்குல்லா?"

(உருண்டைக் கல் உருளும் என்பது எம்.காம். பாடத்தில் இல்லை.)

அக்கரையில் ஜங்கார் முட்டியதும் குழவி உருண்டது, பின்னாலேயே வண்டி. முன்னால் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு ஒதுங்கியிராவிட்டால் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வண்டியை, படகு முகப்பில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலி பிடித்தது. மெத்தையைப் பிடிக்க ஆளில்லை. கேபினைத் தாண்டிக் காயலில் விழுந்து, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் நிதானமாக மிதந்தது. குழவி மூழ்கிவிட்டது.

"நல்லவேளை, பொண்ணையும் சேத்து மிதக்க விடல" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் ஆறவில்லை.

மெத்தை கடை வாசலில் நாள்கணக்கில் காய்ந்தது. தீவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ராஜபாளையத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தியில் இந்தக் கதை உண்டு. இப்போது சொல்வது என் மகள். இரண்டு கையையும் விரித்து மெத்தை மிதப்பதை அவள் நடித்துக் காட்டினால் சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும்.

அன்று அப்பா கரையிறங்கி, மாமியாரில் தொடங்கி அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வரை, ஒவ்வொருவராகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அது மட்டும் கதையில் வராது. மகளிடம் நானும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நடித்துக் காட்டிவிடுவாள்.