மாமனார் காலத்துக் கூடைப்பந்து

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கலாம், ஆனால் பஜ்ஜிக்கு மட்டும்தான். கருத்துச் சொல்லத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சொந்தத்தில் இன்றுவரை என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. சேத்தியாத்தோப்பிலிருந்து நானும் அம்மாவும் பஸ் ஏறி விருத்தாசலத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் ஜெசிந்தா. போட்டோவைப் பார்த்த அன்றே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். (போட்டோவில் அவள் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு அதுவே அதிகமாக இருந்தது.) அவளுடைய அப்பா சவரிமுத்து பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். இளமையில் கம்பெனியின் கூடைப்பந்து அணியில் ஆடியவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அந்த ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஒழுங்காக பஜ்ஜியோடு திரும்பியிருப்பேன்.

நாங்கள் போனபோது டி.வி.யில் வெளிநாட்டுக் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் தோள் லேசாக உரசியதற்கு இன்னொருவன் தரையில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"பாருங்க தம்பி, வெரல் பட்டதுக்கு வுழுவுறான். எங்க காலத்துல இவனுங்க ஒரு ஆட்டம் தாங்க மாட்டானுங்க" என்றார் சவரிமுத்து.

புத்தியுள்ளவன் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்திருப்பான். நானோ சென்னையில் இன்ஜினீயரிங் படித்தபோது காலேஜ் டீமில் இருந்தவன். (பெஞ்சில் இருந்தேன். பெஞ்சும் டீமில் சேர்ந்ததுதானே.)

"இல்லைங்க மாமா. இப்ப இருக்கறவங்க ஜிம்முக்குப் போறாங்க, சாப்பாட்டையே எடை போட்டுத்தான் சாப்புடுறாங்க. உங்க காலத்து டீமை எல்லாம் ஊதித் தள்ளிடுவாங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சவரிமுத்து டி.வி.யை அணைத்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் கிரவுண்டுக்கு வாங்க தம்பி. ஆடிப் பாத்துட்டு அப்பறம் மத்தது பேசலாம்."

மத்தது என்றால் கல்யாணம். கதவோரம் நின்ற ஜெசிந்தா உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புது ஷூ, புது சட்டை, நெற்றியில் துணிப்பட்டை, மணிக்கட்டில் துணிப்பட்டை என்று டி.வி.யிலிருந்து இறங்கியவன் மாதிரி போய் நின்றேன். முந்தின நாள் மழையில் மைதானம் பாதிக்கு மேல் சேறு. என் பக்கம் அந்தச் சர்ச் பங்கைச் சேர்ந்த இளைஞர்கள் நாலு பேர். எதிரே சவரிமுத்துவும் அவருடைய பழைய கூட்டாளிகளும், எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல், மடித்துக் கட்டிய லுங்கி, பனியன், களிமண் மூட்டை சுமந்து சுமந்து கெட்டிப்பட்ட தோள்கள். பூசைக்கு வந்த சனம் ஒன்றுகூட வீட்டுக்குப் போகவில்லை. முன்வரிசையில் ஜெசிந்தாவும் அவள் அம்மாவும், பக்கத்தில் என் அம்மாவும்.

கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் நடுவர். எதெல்லாம் ஃபவுல் என்று அவரிடம் பணிவாகக் கேட்டேன்.

"ரத்தம் வந்தா காட்டுங்க தம்பி. பாத்துட்டு விசில் அடிக்கிறேன்."

ஆட்டம் தொடங்கியது. பந்தைக் கால்களுக்கு இடையில் தட்டி வித்தை காட்டினேன். வித்தை முடிவதற்குள் பந்து என்னிடம் இல்லை. அடுத்த முறை கூடையை நோக்கி எம்பினேன். ஒரு பெரியவர் என் இடுப்பைப் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல் ஓரமாக இறக்கி வைத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டு போனார். விசில் வரவில்லை. என்னிடம்தான் ரத்தம் இல்லையே.

நவீன ஆட்டக்காரனிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம், ஃபவுல் கேட்டு விழுவது. சவரிமுத்து என்னை நெருங்கினார். அவர் மூச்சுக்காற்று மட்டும்தான் என் மேல் பட்டது. நான் கையிரண்டையும் விரித்து, அலறி, விழுந்து, உருண்டேன். பந்து என் காதருகே குதித்துப் போனது. "ஓரமா படுங்க தம்பி" என்று ஒருவர் என்னைத் தாண்டி ஓடினார். நம்பிக்கை வரட்டும் என்று காலையும் உதறிக் கண்ணையும் மேலே செருகினேன்.

"ஐயோ, புள்ளைக்கு வலிப்பு" என்றாள் ஜெசிந்தாவின் அம்மா.

அதற்கப்புறம் அந்தப் பங்கிலிருந்த சாவி முழுக்க என் கையில்தான் இருந்தது. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோச் சாவி எல்லாம் திணித்தார்கள். இரும்பு போதாது என்று உபதேசியார் ஓடிப்போய் கோயில் வாசல் சாவியைக் கொண்டுவந்து என் விரல்களைப் பிரித்து வைத்து அழுத்தினார். யாரோ வெங்காயத்தை நசுக்கி மூக்கில் தேய்த்தார்கள். எதிரணி மொத்தமும் என் கைகால்களை அமுக்கிப் பிடித்தது. அந்தக் காலத்து முரட்டு ஆட்டம் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

"ஏம்மா, இத மறைச்சா எங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்க?" என்று ஜெசிந்தாவின் அம்மா கேட்க, என் அம்மா அழ ஆரம்பித்தாள். பேசாமல் கிடந்தால் மறைத்தவர்கள், உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன். எப்படியும் ஜெசிந்தா இல்லை. ஆனால் அம்மா அழுவதை என்னால் தாங்க முடியவில்லை. சாவிகளோடு எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் வுழுந்தேன். டி.வி.ல அப்படித்தான் வுழுவாங்க."

சவரிமுத்துவின் முகம் தொங்கிப்போனது. "வலிப்புன்னாகூட வைத்தியம் பாத்துக் கட்டிக் குடுத்திருப்பேன் தம்பி. இதுக்கு என்ன வைத்தியம் இருக்குது?"

அப்போதுதான் ஜெசிந்தா முதல்முறையாகப் பேசினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்ப்பா. வுழுவுறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தாரு. சேத்துல வுழாம காஞ்ச எடமாப் பாத்துதான் வுழுந்தாரு." என் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டே, "துணி தொவைக்கிறவ கஷ்டம் தெரிஞ்ச ஆளு. எனக்குப் புடிச்சிருக்குதுப்பா" என்றாள்.

என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன வருஷம் குளியலறையில் நிஜமாகவே வழுக்கி விழுந்தேன். "ஐயோ" என்று கத்தியதும் சமையலறையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் நிதானமாக வந்தது. "காஞ்ச எடமாப் பாத்தீங்களா?" பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

செய்தி கேட்டு மாமனார் வந்தார். எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்பு விரிசல் விட்டிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சரி மாப்ள, இது ஃபவுலு" என்றார்.